சறுக்கினது சாக்கு

குதிரை நொண்டுகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் லாயத்து சைஸ் அண்ணன். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். ஒரு பையன் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சிமென்ட் தளத்தில் டிராட்டில் ஓடி வருவான். நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

டிராட் என்பது இரண்டு தாள நடை. முன் இடது காலும் பின் வலது காலும் ஒன்றாக விழும், அப்புறம் மற்ற ஜோடி. நல்ல குதிரை என்றால் தையல் மெஷின் மாதிரி சீராகக் கேட்கும். டக், டக், டக், டக். ஏதோ ஒரு காலில் வலி இருந்தால் ஒரு தாளம் பலமாகவும் ஒரு தாளம் தயக்கமாகவும் விழும். டக்-டொ, டக்-டொ. மெதுவாக நடக்கும்போது வலியை மறைத்துவிட முடியும். நாலுகால் பாய்ச்சலில் வேகம் மறைத்துவிடும். டிராட்டில் மட்டும் இடது வலது இரண்டும் சமமாக எடையை வாங்கியாக வேண்டும், அதனால் அங்கே மறைக்க இடமில்லை.

காதுக்கு அப்புறம்தான் கண். முன்னங்காலில் வலி என்றால் தலையைப் பார்க்க வேண்டும். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை மேலே தூக்கும், அந்தக் காலில் எடை குறைவாக விழட்டும் என்று. நல்ல கால் விழும்போது தலை கீழே இறங்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். தலை தாழும்போது எந்தக் கால் தரையில் இருக்கிறதோ அதைத்தான் நொண்டிக் கால் என்று கையைக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. "கால் தாங்குது" என்போம். "தாங்கித் தாங்கி நடக்கிறான்" என்போம். நொண்டுவதற்கும் பொறுத்துக்கொள்வதற்கும் ஒரே வினைச்சொல். அதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதே என் குதிரைக்குக் கால் போன பிறகுதான்.

*

அவன் பெயர் கருப்பன். ரேஸில் ஓடியபோது இருந்த பெயர் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். காகிதத்தில் அது இன்னும் இருக்கிறது. லாயத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கருங்காப்பி நிறம், நெற்றியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை. 2019-ல் நான் அவனை வாங்கியபோது அவனுக்கு ஆறு வயது.

ரேஸ் குதிரையின் தொழில் வாழ்க்கை சின்னது. இரண்டு வயதில் ஓட ஆரம்பித்து, ஐந்து ஆறு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குதிரை இருபத்தைந்து வயதுக்கு மேலும் வாழும். மீதி இருபது வருடத்தை அது எங்கே கழிக்கும் என்பது அதன் அதிர்ஷ்டம். சில குதிரைகள் இனவிருத்திக்குப் போகும், சில ரைடிங் பள்ளிகளுக்கு வரும், சில கடற்கரையில் பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று குழந்தைகளைச் சுமக்கும். கருப்பன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிய லாயத்துக்கு வந்தான். அங்கே சனி ஞாயிறுகளில் குதிரை ஏறப் பழகிக்கொண்டிருந்தேன். விலை 75,000 ரூபாய். நான் வைத்திருந்த பைக்கைவிடக் குறைவு. ஆனால் பைக் தினமும் சாப்பிடாது. கொள்ளு, ஓட்ஸ், தவிடு, புல், லாடம், லாய வாடகை, சைஸ் சம்பளத்தில் என் பங்கு என்று மாதம் 22,000 போனது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது சிறிது நேரம் சத்தமே இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கருப்பர் எங்கள் குலசாமி. "கருப்பன் குதிரை மேல வருவான்னு கேள்விப்பட்டிருக்கேன். குதிரையே கருப்பனா?" என்றாள். அப்புறம், "கடிக்குமா?" என்று கேட்டாள். கடிப்பான். சொல்லவில்லை.

*

முதல் தடவை 2021 ஜூலையில். மே, ஜூன் ஊரடங்கு தளர்ந்து நான் மறுபடி லாயத்துக்குப் போக ஆரம்பித்திருந்தேன். நான்காவது நாள் காலையில் அவனுடைய இடது முன்னங்காலின் உள்பக்கம், கணுவுக்குச் சற்று மேலே, பாதி எலுமிச்சம்பழத்தை ஒட்டவைத்த மாதிரி வீங்கியிருந்தது. கை வைத்தால் சூடு. விரலால் அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டான். சிமென்ட் தளத்தில் நாலு அடி டிராட் போதும், காது கேட்காதவருக்கும் தெரிந்திருக்கும்.

"முந்தாநேத்து ஈர மண்ணுல சறுக்கினான்ணே, அதான்" என்றேன்.

சைஸ் அண்ணன் குனிந்து காலைப் பிடித்தபடியே சிரித்தார். "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குன்னு சொல்லுவாங்க தம்பி."

"சாக்கு இல்லண்ணே, நெஜமாவே சறுக்கினான்."

"சறுக்கியிருப்பான். நான் இல்லன்னா சொன்னேன்? கால் முன்னாடியே வலிச்சிருக்கும். அதனாலதான் சறுக்கியிருப்பான்."

அந்தப் பழமொழியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வேலை செய்யாமல் தப்பிக்கிறவர்களைத் திட்டுவதற்காக வாத்தியார்கள் சொல்வது. அது உண்மையில் குதிரையைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மதியம் டாக்டர் வந்தார். காலின் பின்பக்கம் முடியை மழித்து, ஜெல் தடவி, கையடக்க ஸ்கேன் மெஷினை வைத்தார். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே அல்ட்ராசவுண்டுதான். திரையில் வெள்ளைக் கோடுகளாக நார்கள் ஓடின. ஓரிடத்தில் கோடுகள் இல்லை. கருப்பாக ஒரு ஓட்டை. "சஸ்பென்சரி லிகமென்ட். உள்பக்கக் கிளை" என்றார் டாக்டர். ஊரில் ஜவ்வு என்பார்கள். ஜவ்வு கிழிந்துவிட்டது.

அன்று இரவு படிக்க ஆரம்பித்தேன். குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது முட்டியே இல்லை. அது அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது உள்ளங்கை எலும்பு. குளம்பு என்பது நடுவிரலின் நகம். 450 கிலோ எடையுள்ள பிராணி நான்கு நடுவிரல்களின் நுனியில் நிற்கிறது. அந்த எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில். மணிக்கட்டுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது. எலும்பு, தோல், நடுவே கயிறு மாதிரி நாண்களும் நார்களும் மட்டும்.

அந்தக் கயிறுகளில் ஒன்று சஸ்பென்சரி. மணிக்கட்டுக்குப் பின்னால் தொடங்கி, உள்ளங்கை எலும்பை ஒட்டி இறங்கி, கீழே இரண்டு கிளையாகப் பிரிந்து கணுவின் பின்பக்கம் இருக்கிற இரண்டு சின்ன எலும்புகளைப் பிடித்துக்கொள்கிறது. கணு தரையைத் தொட்டுவிடாமல் தூக்கிப் பிடிப்பது இதன் வேலை. முழு வேகத்தில் ஓடும்போது கணு கிட்டத்தட்ட மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழும், இந்த நார்தான் ஸ்பிரிங் மாதிரி அதை மீட்டுத் தரும். குதிரை நின்றபடியே தூங்க முடிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஒரு காலத்தில், குதிரையின் மூதாதைகளுக்கு இது தசையாக இருந்தது. பரிணாமத்தில் நாராக மாறிவிட்டது. தசை சோர்ந்து போகும், நார் சோர்வதில்லை. ஆனால் தசை சீக்கிரம் ஆறும், நார் ஆறாது. ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்த இடத்தில் பழைய நார் திரும்ப வராது, தழும்புதான் வரும். அந்தத் தழும்புக்குப் பழைய இழுவை இருக்காது.

சாக்கு பற்றிய உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரடங்கில் ஏழு வாரம் கருப்பன் கொட்டடியிலேயே நின்றிருந்தான். ஒரு மணி நேரம் கயிற்றில் நடத்துவார்கள், அவ்வளவுதான். நான் திரும்பி வந்த முதல் மூன்று நாளும் அவனைக் கடற்கரை மணலில் நீண்ட நேரம் ஓட்டினேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்த என் இரண்டு மாதத்தை அவன் காலில் கழித்தேன். அவன் சறுக்கியது மூன்றாம் நாள், களைத்த பிறகு.

*

டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒரு பக்கம்கூட இல்லை. கொட்டடியில் ஓய்வு. தினம் இரண்டு தடவை ஐந்து நிமிடம் கையில் பிடித்து நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். காலுக்கு ஐஸ். அறுபதாம் நாள் மறுபடி ஸ்கேன். ஓட்டம் பற்றிய பேச்சே எட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான்.

ஐஸுக்குக் கோவளம் போவேன். படகுக்காரர்கள் வாங்குகிற பாளம் பாளமான ஐஸ். உடைத்து சாக்கில் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு வருவேன். இருபது நிமிடம் காலில் கட்டி நிற்க வைக்க வேண்டும். கருப்பனுக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து சாக்கைப் பார்த்ததும் அவனே காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நின்றான். மீன் வாசனை மட்டும் கடைசி வரை ஆகவில்லை. மேல் உதட்டைச் சுருட்டிக்கொள்வான்.

ஆறாவது வாரம் நொண்டல் போய்விட்டது. முழுசாக. வீக்கம் வற்றி, சூடு இறங்கி, சிமென்ட் தளத்தில் தையல் மெஷின் சத்தம். இந்தக் காயத்தில் இருக்கிற பெரிய பொறி இதுதான் என்று இப்போது தெரியும். வலி சில வாரங்களில் போய்விடும். நார் இறுக மாதங்கள் ஆகும். நடுவில் இருக்கிற அந்த நாட்களில் குதிரை நூறு சதவீதம் நன்றாக இருப்பது போலத் தெரியும், அதுவும் அப்படித்தான் நம்பும். கயிற்றில் நடக்கும்போது நடனமாடும், பின்னங்காலில் எழும். மனிதனிடம் "இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்க" என்று சொல்லலாம். குதிரைக்கு யார் சொல்வது?

குதிரைக்கு வேண்டாம், எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள்தான். அறுபதாம் நாள் ஸ்கேனில் ஓட்டை பாதி அடைந்திருந்தது. டாக்டர் "நல்லா வருது, அவசரப்படாதீங்க" என்றார். எனக்கு முதல் இரண்டு சொல் மட்டும் கேட்டது. பத்தாவது வாரத்தில், சைஸ் அண்ணன் ஊருக்குப் போயிருந்த மூன்று நாள், சேணம் கட்டி ஏறினேன். சும்மா டிராட்தான். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். அவன் காதை முன்னால் நிமிர்த்தி, மூச்சை ஊதிக்கொண்டு, சந்தோஷமாக ஓடினான். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எலுமிச்சம்பழம். அதே இடம்.

அந்த வாரம் லாயத்துப் பையன் ஒருவன் கதவைச் சரியாகத் தாழிடாமல் விட்டு, கருப்பன் வெளியே வந்து ஒரு நாயைத் துரத்திப் பத்து அடி ஓடியிருந்தான். எல்லோரும் அதைத்தான் காரணம் என்றார்கள். பையனுக்கு நல்ல திட்டு விழுந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் ஏறியதை அவன் பார்த்திருந்தான், மூன்று நாளும். அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

*

இரண்டாம் முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். குற்ற உணர்ச்சி நல்ல மேனேஜர். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். தேதி, நடை நிமிடம், காலை வீக்கம், மாலை வீக்கம், சூடு, நொண்டல் அளவு. நொண்டலுக்கு அமெரிக்கக் குதிரை மருத்துவர்களின் ஓர் அளவுகோல் உண்டு, பூஜ்யம் முதல் ஐந்து வரை. பூஜ்யம் என்றால் எந்தச் சூழலிலும் நொண்டல் தெரியவில்லை. ஒன்று என்றால் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. மூன்று என்றால் நேராக ஓடினாலும் வட்டமாக ஓடினாலும் டிராட்டில் எப்போதும் தெரியும். ஐந்து என்றால் காலைக் கீழேயே வைக்காது. ஒன்பது மாதம் அந்த எண்ணை எழுதினேன். பல நாள் அரை என்று எழுதியிருக்கிறேன். அளவுகோலில் அரை கிடையாது. ஒன்று என்று எழுத மனம் வராத நாட்கள் அவை.

இதில் இன்னொரு பயமும் இருந்தது. ஒரு கால் தாங்கும்போது எதிர்க்கால் கூடுதல் எடை வாங்குகிறது. அது நீண்ட நாள் நீடித்தால் எதிர்க்காலின் குளம்புக்குள்ளே எலும்பைக் குளம்போடு பிணைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் கழன்றுவிடலாம். 2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பரோ என்ற குதிரை, அடுத்த பந்தயத்திலேயே வலது பின்னங்கால் உடைந்து விழுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. உடைந்த கால் ஓரளவு தேறியது. ஆனால் எடையைச் சுமந்த மற்ற காலின் குளம்பு போய், பிறகு முன்னங்கால்களும் போய், எட்டு மாதம் கழித்து 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். அமெரிக்காவின் சிறந்த கால்நடை மருத்துவர்கள் கூடவே இருந்தும். அதைப் படித்த பிறகு நான் இடது காலைவிட வலது குளம்பைத்தான் அதிகம் தொட்டுப் பார்த்தேன்.

அந்த ஒன்பது மாதத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்து எழுதியதில் குதிரை பற்றி ஒரு பகுதி வருகிறது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கும். அரசர்கள் கொட்டிக் கொடுத்து வாங்குவார்கள். ஆனால் வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடும். ஏனென்றால் இங்கே குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிக்கிறவர்கள் இல்லை. குதிரை விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவும் விடுவதில்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருடம் மறுபடி விற்கலாம். மார்க்கோ போலோ எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதுபடுத்திச் சொல்கிறவர்தான். ஆனாலும் நம் ஊருக்குக் கப்பலில் வந்த ஒரு பிராணி, நம் வெயிலில், நம் ஈரத்தில், கால் தெரிந்தவர் இல்லாமல் நிற்பதை நினைத்தால் எனக்கு அது பழைய கதையாகப் படவில்லை. கருப்பனுடைய காலைத் தெரிந்தவர் என்று சைஸ் அண்ணன் ஒருவர்தான் இருந்தார். அவர் ஊருக்குப் போன மூன்று நாளில் நான் என்ன செய்தேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

2022 ஜூலையில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு "ஏறலாம்" என்றார். ஓட்டை இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் வந்திருந்தன. மற்ற இடம் அளவுக்கு நேராக இல்லை, கொஞ்சம் கலைந்த தலைமுடி மாதிரி. ஆனால் இருந்தன. அன்று நான் பத்து நிமிடம் நடையில் மட்டும் ஏறினேன். இறங்கியதும் கழுத்தில் முகத்தை வைத்து நின்றேன். அவன் என் சட்டைப் பையில் இருந்த வெல்லத்தைத் தேடினான்.

*

மூன்றாவது தடவைக்கு என்னிடம் இருந்த சாக்கு மாண்டஸ். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு அந்தப் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரை கடந்தது. சவுக்குத் தோப்பில் பாதி சாய்ந்துவிட்டது. பயிற்சித் திடலில் மூன்று வாரம் மணல் சேறாகக் கிடந்தது. ஜனவரி முதல் வாரம் கருப்பன் மறுபடி தாங்கினான். சேற்றில் கால் புதைந்து இழுத்திருக்கும் என்றேன். லாடம் அடித்தவர் குளம்பு முனையை நீளமாக விட்டுவிட்டார் என்றும் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை. சேறு நாரை இழுக்கும், முனை நீளமானால் நாருக்குச் சுமை கூடும் என்பார்கள்.

ஆனால் புயலுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் என் ஸ்ப்ரெட்ஷீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. எழுதுவதை நிறுத்தியிருந்தேன். நவம்பர் கடைசியில் ஒரு நாள் அவன் இடப்பக்க வளைவில் தலையை லேசாகத் தூக்கினான். மறுநாள் தூக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் தூக்கினான். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்து, எண் போடாமல் மூடிவிட்டேன். எழுதினால் நிறுத்த வேண்டியிருக்கும்.

இந்த முறை டாக்டர் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. ஸ்கேன் மெஷினைப் பெட்டியில் வைத்தபடி, "இவன் நடப்பான், மேய்வான். ஏற்றம் வேண்டாம். இன்னொரு தடவை கிழிஞ்சா கணுவே இறங்கிடும்" என்றார். அவனுக்கு அப்போது பத்து வயதுதான்.

பிப்ரவரியில் ஓர் ஆள் வந்தார். கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுகிறவர். கருப்புக் குதிரை தேடிக்கொண்டிருந்தார். லாயத்தில் பொறுப்பாக இருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "நடக்கிற வேலைதானே சார். ஓட வேண்டியதே இல்ல. நாலு நாள் பியூட் குடுப்போம், பார்க்க வர்றப்ப நல்லா நிப்பான். உங்களுக்கும் மாசம் இருபதாயிரம் மிச்சம்." பியூட் என்பது ஃபினைல்பியூட்டசோன், குதிரைகளுக்குக் கொடுக்கிற வலி மருந்து. அளவோடு கொடுத்தால் நல்ல மருந்துதான். ஆறாத காயத்தை ஆறினதாகக் காட்டவும் அதே மருந்து போதும்.

நான் சரி என்றேன். இதை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை என்றுகூடச் சொல்லலாம். யோசிக்கிறேன் என்றோ பார்க்கலாம் என்றோ சொல்லவில்லை. சரி என்றேன். கணக்கும் போட்டுவைத்திருந்தேன். நடக்கிற வேலைதானே. யாராவது சோறு போடுவார்கள். மாலை நேரத்தில்தான் வேலை, வெயில் இருக்காது. தார் ரோடு, பேண்டு சத்தம், பட்டாசு, முதுகில் எண்பது கிலோ மாப்பிள்ளை, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பது ஆகியவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை போனேன். சைஸ் அண்ணன் என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கயிற்றைப் பையனிடம் கொடுத்தார். கதவைத் தாழிடாமல் விட்டதற்காகத் திட்டு வாங்கிய அதே பையன். என்னைப் பார்த்து, "திரும்பி நில்லுங்க தம்பி" என்றார்.

திரும்பினேன். சிமென்ட் தளத்தில் கருப்பன் வந்தான். டக், டக், டக், டக். ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. ஒன்றரை வருடமாக நான் கேட்க ஏங்கிய சத்தம். ஐஸ் சாக்குகளுக்கும் ஒன்பது மாத நடைக்கும் ஈடாக எதைக் கேட்டேனோ அதே சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு விநாடி இருந்திருக்கும். அப்புறம் அது மருந்தின் சத்தம் என்பது உறைத்தது. அவனுக்கே தெரியாமல், வலிக்கிற காலில் முழு எடையையும் ஊன்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"போதும், நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"நல்லாதானே வர்றான்?" என்றார் அவர். கிண்டல் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்த்தார்.

மூன்று தடவையும் நான் சொன்ன காரணங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. ஈர மண், நாய், பையன், புயல், லாடம். கருப்பன் ஒருநாளும் எந்தச் சாக்கும் சொன்னதில்லை. வலித்தால் தலையைத் தூக்கினான், வலிக்காவிட்டால் தூக்கவில்லை. பழமொழியில் வருகிற அந்த நொண்டிக் குதிரை நான்தான்.

விற்கவில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அந்தப் பையனிடம் போய், அந்த வருடம் நடந்தது உன்னால் இல்லை, என்னால்தான் என்றேன். அவன் "தெரியும் சார்" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெல்லம் இருக்கா?" என்று கேட்டான். குதிரைக்கு.

*

முடிவெடுப்பதற்கு முன் அம்மாவிடம் பேசினேன். பணத்தை நினைத்துத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊர் அய்யனார் கோயில் மண் குதிரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நேர்ந்துகொண்டவர்கள் புதுக் குதிரை செய்து வைப்பார்கள். பழையதை யாரும் எடுத்துப் போடுவதில்லை. காது உடைந்தது, கால் உடைந்தது, தலையே இல்லாதது எல்லாம் பக்கத்திலேயே மரத்தடியில் நிற்கும். சின்ன வயதில் உடைந்த குதிரைகள் மேல் ஏறி விளையாடியதற்கு அவளிடம் அடி வாங்கியிருக்கிறேன். "உடைஞ்சா என்னடா, அது பாட்டுக்கு நிக்குது. ஒனக்கு என்ன செய்யுது?" என்றாள். மண் குதிரை மாதம் 22,000 கேட்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இப்போது கருப்பன் மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறான். நண்பனின் மாமனார் தோப்பு. பத்து ஆடுகள், இரண்டு மாடுகள், ஒரு குதிரை. செலவு பாதியாகக் குறைந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சைஸ் அண்ணன் பஸ் ஏறி வந்து குளம்பைப் பார்த்துவிட்டுப் போகிறார். லாடம் கழற்றியாகிவிட்டது. சில நாள் பூஜ்யம், சில நாள் ஒன்று. குளிர்காலக் காலைகளில் சில நேரம் இரண்டு. வெறும் ஓய்வும் நாருக்கு நல்லதில்லை, மெல்லிய சுமை வேண்டும், அப்போதுதான் தழும்பின் இழைகள் ஒரே திசையில் படியும் என்பார் டாக்டர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வரப்போரமாக அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். கடைசியாக ஏறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆசை விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். அவன் முதுகைத் தேய்க்கும்போது கை சேணம் இருக்கும் இடத்தில் சற்று அதிகமாக நிற்கும்.

போன வாரம் மழை. வரப்பில் இறங்கும்போது அவனுடைய இடது முன்னங்கால் சேற்றில் ஒரு முழம் வழுக்கியது. சமாளித்து நின்றான். பின்னால் வந்த தோப்புக்காரர், "ஈரமா இருக்குல்ல, அதான்" என்றார்.

ஆமாம் என்று வாய் வரை வந்தது. குனிந்து அவன் காலைப் பிடித்துக் கணுவுக்கு மேலே உள்பக்கம் கை வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். சூடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வலது காலிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் கயிற்றை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஷீட்டைத் திறந்து ஒன்று என்று எழுதினேன்.